சரதியேலுக்கு மாலை, சபானுக்கு மறதி

கிளின்ட் ஈஸ்ட்வூட்டின் 'அன்ஃபோர்கிவன்' (1992) கொலைகாரனைத் தப்பவிடுகிறதாம்; ஆகவே முகத்துவாரத்துப் பையன்களுக்கு அது நஞ்சாம். இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்த உதுவன்கந்த சரதியேலின் கதைதான் அவர்களுக்கு வேண்டுமாம். நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவே. கடைசிக் காட்சியை மட்டும் பார்த்தவர் அதற்கு முந்திய இரண்டு மணி நேரம் எங்கே போயிருந்தார்?

அந்தப் படத்தில் ஒரு சாவிலும் வீரம் இல்லை. கொல்லத் தேடப்படும் இருவரில் முதலில் சுடப்படுபவன் குற்றம் குறைந்தவன். வயிற்றில் குண்டோடு தண்ணீர் கேட்டுக் கதறிச் சாகிறான். அடுத்தவன் கழிப்பறையில் நிராயுதபாணியாகச் செத்துப்போகிறான். அவனைச் சுட்டவன் அதுவரை ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிய பொடியன். இதுதான் முதற்கொலை என்று அழுது, துவக்கையே வேண்டாமென்று கொடுத்துவிடுகிறான். இறுதியில் நாயகன் வில் மன்னியும் முதலில் சுடுவது ஆயுதமற்ற மதுக்கடைக்காரனைத்தான். இதைப் பார்த்தா ஒருவனுக்குத் துவக்குத் தூக்க ஆசை வரும்?

படத்தில் போசாம்ப் என்றொரு எழுத்தாளர் வருகிறார். சண்டியர்களின் பெருமையை மலிவுப் புத்தகமாக்கிப் பிழைப்பவர். பிணங்கள் கிடக்கும்போதே, யாரை முதலில் சுட்டாய் என்று மன்னியிடம் விசாரிப்பார். நண்பரின் சரதியேல் புராணம் அந்தப் பேனாவில் எழுதியது போலவே இருக்கிறது.

அந்த வள்ளல் சரதியேல், கொழும்பு–கண்டி வீதியில் வழிப்பறி செய்தவன். 1864 மார்ச் 21 அன்று மாவனெல்லையில் அவனைப் பிடிக்கப்போன இடத்தில் கான்ஸ்டபிள் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கையில் கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரராக இன்றும் மார்ச் 21இல் அவரை நினைவுகூருகிறார்கள். சரதியேலும் கூட்டாளி மம்மலே மரைக்காரும் அதே ஆண்டு மே 7இல் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். நண்பரின் கட்டுரையில் சரதியேலின் கொடைக்குப் பத்தி பத்தியாக இடமுண்டு. சபானுக்கு ஒரு வரி இல்லை.

பாதாளக் குழுக்காரன் ஒருவன் செத்த மறுநாள் எங்கள் தேநீர்க் கடைகளிலும் இதே நியாயம்தான்: "ஆள் கெட்டவன்தான், ஆனால் ஒழுங்கைச் சனத்துக்கு நல்லவன்." செத்தவீட்டுக்குக் காசு கொடுத்ததைச் சொல்பவர்கள், அந்தக் காசு எந்த வீட்டுப் பிள்ளைக்குத் தூள் விற்று வந்தது என்பதைச் சொல்வதில்லை. பக்கத்தில் நின்று கேட்கும் பையனைக் கெடுப்பது ஈஸ்ட்வூட் அல்ல, இந்தப் பேச்சு.

இளைஞர்களைப் பற்றி நண்பருக்கு உண்மையிலேயே கவலையென்றால், முதலில் சபானின் பெயரை எழுதட்டும். அறத்தைப் பிறகு போதிக்கலாம்.