ஒரே வரி, 16 முறை!
போலீசாரைக் கண்டித்த அமெரிக்கப் பாட்டு

1991-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம். நள்ளிரவு கழிந்த நேரம்.

காரில் வேகமாகப் போன ஒரு கறுப்பரைப் போலீசார் விரட்டிப் பிடித்தார்கள். அவர் பெயர் ராட்னி கிங். கீழே விழுந்து கிடந்தவர் மீது தடியால் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். 50 அடிகளுக்கு மேல்! பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்துவிட்டார். உலகமே பார்த்துப் பதறியது.

4 போலீசார் மீது வழக்கு நடந்தது. 1992 ஏப்ரல் 29-ந் தேதி தீர்ப்பு வந்தது. அடித்ததற்காக ஒருவருக்கும் தண்டனை இல்லை! நகரம் பற்றி எரிந்தது. கலவரத்தில் 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அதே நகரத்து இளைஞர்கள் 4 பேர், அதே ஆண்டு நவம்பரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். குழுவின் பெயர் "ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்". "இயந்திரத்தின் மீது கோபம்" என்று பொருள். அதில் ஒரு பாட்டுதான் "கில்லிங் இன் தி நேம்".

தளர்ந்த தந்தி

கிடார் வாசிப்பவர் டாம் மொரெல்லோ. தந்தை கென்யா நாட்டுக்காரர். தாய் அமெரிக்க வெள்ளைக்காரி. மகன் ஹார்வர்டு பட்டதாரி. ஆனால் பிழைப்புக்குக் கிடார் சொல்லிக் கொடுத்தார்! ஒரு நாள் மாணவனுக்குப் பாடம் நடந்தது. கிடாரின் தடித்த தந்தியைச் சற்றுத் தளர்த்தி, சுரத்தைக் கீழே இறக்கிக் காட்டினார். கனத்த ஒரு மெட்டு விரலில் வந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு உடனே நாடாவில் பதிந்துகொண்டார்.

1991 அக்டோபரில் ஒரு கல்லூரியில் அதை முதன்முதலாக வாசித்தார்கள். அப்போது வார்த்தையே இல்லை, வெறும் வாத்தியம்தான்.

பாட்டு எழுதியவர் பாடகர் ஜாக் டி லா ரோச்சா. "ராப்" என்றால் தாளம் தப்பாமல் பேச்சுப் போலப் பாடுவது. "மெட்டல்" என்றால் காதைப் பிளக்கும் கிடாரும் முரசும். இரண்டும் இதில் கலந்திருக்கின்றன. வரிகள் மிகக் குறைவு. கறுப்பர்களை மிரட்டச் சிலுவையைக் கொளுத்தும் வெள்ளை வெறிக் கூட்டத்தார் போலீஸ் உடையிலும் இருக்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. கடைசியில், சொன்னபடி செய்ய மறுக்கும் ஒரே வரி 16 முறை வருகிறது. முதலில் முணுமுணுப்பு, பிறகு அலறல். அந்த வரியில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது. குழந்தைகள் கேட்கத் தக்கதல்ல!

வானொலியில் கூத்து

1993-ல் பி.பி.சி. வானொலி கைதவறி அதை அப்படியே ஒலிபரப்பிவிட்டது. 138 பேர் புகார் செய்தார்கள்.

2009-ல் பெரிய வேடிக்கை. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வாரத்தில் அதிகம் விற்கும் பாட்டுக்குத் தனி மதிப்பு. தொடர்ந்து 4 ஆண்டுகள் ஒரு டெலிவிஷன் போட்டியில் வென்றவர்களே அந்த இடத்தைப் பிடித்தார்கள். அலுத்துப்போன ஒரு தம்பதி, "இந்தப் பழைய பாட்டை வாங்குங்கள்" என்று மக்களைத் தூண்டினார்கள். 5 லட்சத்துக்கு மேல் விற்று முதலிடம் பிடித்தது! (தோற்ற பாட்டும் சோனி கம்பெனியுடையதுதான். லாபம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை!)

அந்தச் சமயம் பி.பி.சி. குழுவினரைப் பாட அழைத்தது. "கெட்ட வார்த்தை வேண்டாம்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டது. தொடக்கத்தில் அடக்கமாகத்தான் பாடினார்கள். முடிவு நெருங்கியதும் டி லா ரோச்சா கத்திவிட்டார். ஒலிபரப்பைப் பாதியில் நிறுத்தினார்கள். சொன்னபடி செய்ய மாட்டேன் என்ற பாட்டுக்காரரிடம் போய் இப்படிக் கேட்கலாமா?

மறு ஆண்டு ஜூனில் லண்டனில் இலவசமாகக் கச்சேரி நடத்தி நன்றி செலுத்தினார்கள். வீடற்றோருக்கு உதவும் சங்கத்துக்கு ஒன்றரை லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது.

2020 நவம்பர். பிலடெல்பியா நகரில் ஜனாதிபதித் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. டிரம்ப் ஆதரவாளர்கள் சிலர் இதே பாட்டைப் போட்டுத் தெருவில் ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்தது, போலீசாரை ஆதரிக்கும் கொடி!