கடைப் பெயரும் கனியின் பிறப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியின் நறுமணப் பண்டக் கடைகளில் கிராம்பு, மிளகு, ஜாதிக்காய் ஆகிய மூன்றும் அருகருகே வைத்து விற்கப்படுகின்றன. மொட்டு கனியாகி, கனி விதையைத் தரும் வரலாறு முழுவதும் அம்மூன்றில் அடங்கியிருக்கிறது. எனினும், அவற்றின் கடைப் பெயர்களே நம்மை மயங்க வைக்கின்றன. அம்மயக்கம் சொல்லோடு நின்றுவிடாமல், உழவரின் பொருளையும் காலத்தையும் வீணாக்குகிறது என்பது என் கருத்து.

மகரந்தத்தூள் சூல்முடியில் படிந்ததும், அதிலிருந்து ஒரு குழல் வளர்ந்து சூலை அடைகிறது. அக்குழல் கொணரும் இரண்டு ஆண் அணுக்களுள் ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவணுவோடு கூடி, கருவுக்கு உணவாகும் முளைசூழ் தசையைத் தோற்றுவிக்கிறது. இவ்விரட்டைக் கருவுறுதலை ரஷ்ய அறிஞர் நவாஷின் 1898-இல் வெளியிட்டார். இதன் பின்னரே சூல் விதையாகவும், சூற்பை கனியாகவும் வளர்கின்றன.

இனிக் கடைப் பண்டங்களை நோக்குவோம். கிராம்பு, மலராத மொட்டு. அதனை நீரில் ஊறவைத்து நெடுக்கில் பிளந்து, உருப்பெருக்கி கொண்டு பார்த்தால் சூற்பையைக் காணலாம். மிளகைப் பலர் விதை என்று எண்ணுகின்றனர். அது முதிர்ந்தும் பழுக்காத நிலையில் பறித்து உலர்த்திய முழுக் கனியாகும். பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலையும் சதையையும் நீக்கினால் எஞ்சுவதே வெண்மிளகு. ஜாதிக்காயோ, பெயரளவில்தான் காய். உண்மையில் அது விதையின் பருப்பு. ஜாதிபத்திரியும் இலையன்று, சூலின் அடியிலிருந்து வளர்ந்து விதையைப் போர்த்திய செந்நிற உறை.

இவ்வேறுபாட்டை அறிவதால் பயன் என்னவென்று கேட்கலாம். ஜாதி மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. விதையிலிருந்து வளர்த்த கன்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆண் மரங்களாகிவிடும். பூக்கும் வரை அவற்றை வேறுபடுத்தி அறிதல் அரிது. உழவர் பல ஆண்டுகள் நீர் பாய்ச்சிக் காத்த மரம் காய்க்காதபோது, மண்ணில் சத்தில்லை என்று எண்ணி உரத்தை மிகுதியாக இடுகிறார். ஆண் மரம் பயனற்றதென்று கேட்டு அனைத்தையும் வெட்டுவோரும் உளர். அப்போது மகரந்தமின்றிப் பெண் மரங்களும் காய்ப்பதில்லை. பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் நிற்கட்டும் என்றும், பெண் மரத்தின் மொட்டை ஒட்டிய கன்றுகளை நடுக என்றும் அறிவுரை கூறும் களப்பணியாளர், அதன் காரணத்தையும் விளக்குதல் வேண்டும்.

மட்டாஞ்சேரிக்கு வடகிழக்கே, பெரியாற்றங்கரையில் உள்ள ஏலூரில் 1947-இல் உர உற்பத்தி தொடங்கிற்று. உரம் இலையைச் செழிப்பிக்கும்; பிடித்த காயைப் பருக்கச் செய்யும். ஆனால் ஜாதியின் ஆண் மரத்தைப் பெண்ணாக்காது. அதன் கருவுறாத சூலை விதையாக்காது. வாழைபோல் கருவுறாமலே கனி தரும் பயிர்கள் உண்டெனினும், அவை விலக்குகளே.

கடைப் பெயர்களை மாற்றிவிட வேண்டும் என்று சிலர் கூறக்கூடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜாதிக்காய் என்பது வழக்கில் ஊன்றிய சொல். அதனைப் பிடுங்க முயல்வது வீண். ஆசிரியர் செய்யத்தக்கது எளியது. ஒரு கிராம்பையும், ஊறவைத்த மிளகையும், உடையாத ஓட்டோடு கூடிய ஒரு ஜாதிக்காயையும் மேசைமீது வைத்து, “இது மலரின் எவ்வுறுப்பிலிருந்து வந்தது?” என்று மாணவரைக் கேட்பாராக. பெயரை மனப்பாடம் செய்த மாணவன் தேர்வு முடிந்ததும் அதனை மறப்பான். இக்கேள்வியைப் பழகியவன் நாளைத் தன் தோட்டத்தில் காய்க்காத மரத்தின்முன் நின்றும் அதனையே கேட்பான்.