முதல் வார்ப்பிலேயே தமிழ்

இரும்பைக்கு வடக்கே மரக்காணத்து உப்பளங்களில், பாத்தியும் வரப்பும் அமைத்த பின்னரே நீர் விடுவர். கைப்பேசிச் செயலியின் தொடக்க வார்ப்புருவும் அத்தகையதே. ஃபிளட்டர் தரும் தொடக்கச் செயலியில் ஆங்கிலத் தொடர்கள் நிரலுக்குள்ளேயே உள்ளன. அதன்மேல் கூலிக்கணக்குச் செயலி ஒன்றைக் கட்டும் மாணவர், உப்பளத் தொழிலாளிக்காக அதைத் தமிழாக்கும் நாளில் கோப்புதோறும் கிளற வேண்டும். ஆண்ட்ராய்டிலோ சொற்களைத் தனிக் கோப்பில் வைக்கலாம். ‘வேல்யூஸ்-டிஏ’ என்னும் கோப்புறையில் தமிழ்ச்சொற்களை இட்டால், தமிழில் அமைத்த கைப்பேசியில் அவையே தோன்றும். விடுபட்டவை மூலமொழியில் வரும், செயலி நின்றுவிடாது. கல்லூரிகள் வழங்கும் வார்ப்புருவில் அக்கோப்புறை முதல்நாளே இருத்தல் வேண்டும் என்கிறோம். தமிழைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்போர், நீர் விட்டபின் வரப்புக் கட்ட முனைவோரே.