வானத்துக் கண்ணும் மண்ணின் சான்றும்

அயல்நாட்டின் படைபலம் இன்னதென்று அறியாதபோது அச்சம் வளர்கின்றது. அறியப்படாத எண்ணிக்கை எப்போதும் பெரிதாகவே தோன்றும். செயற்கைக் கோள்கள் எடுக்கும் படங்கள் இவ்வச்சத்தைத் தணித்ததும் உண்டு; போருக்குத் துணைநின்றதும் உண்டு.

1960 மே மாதத்தில் சோவியத் நாட்டின் மீது பறந்த அமெரிக்க யூ-2 வேவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், கொரோனா என்னும் இரகசியத் திட்டத்தின் செயற்கைக் கோள் எடுத்த படச்சுருள், பாராசூட்டில் இறங்கும்போதே பசிபிக் கடலின் மேல் விமானத்தால் பற்றப்பட்டது. சோவியத் நாடு ஏவுகணைகளை நூற்றுக்கணக்கில் குவிக்கும் என்ற அச்சம் அப்போது அமெரிக்காவில் பரவியிருந்தது. 1961 செப்டம்பரில் அமெரிக்க உளவுத் துறைகள் கண்ட கணக்கோ, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்குரிய ஏவுதளங்கள் 10 முதல் 25 வரையே என்பதாகும். ஒருவரையொருவர் சரிபார்க்கும் இத்தகைய சாதனங்களுக்கு இடையூறு செய்வதில்லை என்று, 1972ஆம் ஆண்டு ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தில் இரு வல்லரசுகளும் இசைந்தன. பார்வையே உடன்படிக்கைக்குப் பிணையாயிற்று.

இதற்கு மாறான நிகழ்ச்சி 2003இல் நேர்ந்தது. பிப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்க அயல்துறை அமைச்சர் காலின் பவல், ஈராக்கின் ஆயுதக் கிடங்குகளின் படங்களைப் பாதுகாப்பு மன்றத்தில் காட்டி, அங்கே நின்ற வாகனம் இரசாயன ஆயுதங்களுக்கு அடையாளம் என்றார். ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், அது வழக்கமான நடமாட்டமாகவும் இருக்கலாம் என்று 14ஆம் நாள் அதே மன்றத்தில் எடுத்துரைத்தார். எனினும், ஆய்வு முடிவுறாமலே மார்ச் மாதத்தில் போர் மூண்டது. கூறப்பட்ட ஆயுதக் குவியல் பின்னர்க் கண்டெடுக்கப்படவே இல்லை.

படத்தில் பிழை இல்லை, படித்தவிதத்திலேயே பிழை. வானிலிருந்து கூரை தெரியும். கூரையின் கீழுள்ள பொருளோ, மனிதரின் நோக்கமோ தெரியாது. பயிர்ப் பரப்பைப் படத்தில் கணித்தபின் வயலுக்கே சென்று ஒப்பிட்டுப் பார்க்கும் களப் பணியாளர் இவ்வுண்மையை நன்கு அறிவர். ஈராக்கில் அப்பணியைச் செய்தவர்கள் ஐ.நா. ஆய்வாளர்களே, அவர்களுக்குக் காலம் அளிக்கப்படவில்லை.

சொந்தப் படம் இல்லாத நாடு பிறர் காட்டும் படத்தையே நம்ப நேரிடும். 1988இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக் கோளின் வாயிலாகப் பாரதம் தனக்கென ஒரு கண்ணைப் பெற்றது. எனினும் கண் மட்டும் போதாது. கண்டதை ஐயுற்று ஆராயும் பயிற்சியும் வேண்டும். படம் வினாவை எழுப்பும்; விடையை மண்ணிலேதான் தேட வேண்டும். இப்பாடம் வகுப்பறையிலேயே தொடங்குதல் நன்று.