எந்த யாத்திரை யாருக்கு?

கோடை விடுமுறை நெருங்கி விட்டால் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு ஊரில் திடீரென்று மதிப்பு உயர்ந்து விடுகிறது. "லீவு என்றால் என்னவென்று உங்களுக்குத்தான் ஸார் தெரியும். எங்கே போகலாம், சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் உதகமண்டலம், கொடைக்கானல் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம். இப்பொழுது அது பலிக்காது. மலையேற வேண்டும், அலைமேல் சறுக்க வேண்டும், பனிப் பிரதேசத்தில் கூடாரம் அடிக்க வேண்டும் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பி விட்டார்கள்.

இதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. சாய்வு நாற்காலியில் கிடந்து கைப்பேசியைத் தடவிக் கொண்டிருப்பதை விட, விடியற்காலையில் எழுந்து சொந்தக் காலால் நாலு மைல் நடப்பது எத்தனையோ மேல். ஆனால் எங்கே போவது என்ற கேள்விக்கு முன்னால், போகிறவர் யார் என்ற கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் ஒருவரும் கேட்டுக் கொள்வதில்லை. எதிர்வீட்டுக்காரர் லடாக் போனார், படம் அனுப்பினார். ஆகையால் நமக்கும் லடாக். எதிர்வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை யாராவது இரவல் வாங்கி அணிவார்களா? பிரயாணத்தை மட்டும் இரவல் வாங்குகிறோம்.

உபாத்தியாயர் ஆகையால், பிரயாணிகளை வகுப்புப் பிரிக்காமல் நம்மால் இருக்க முடியவில்லை. நான்கு வகுப்பு என்று வைத்துக் கொள்ளலாம்.

தேகத்தைப் பரீட்சை செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதல் வகுப்பு. கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளை, கையில் மூங்கில் தடியுடன் இரவோடிரவாக ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்ப்பவர்கள் இவர்கள். இவர்களுடைய குணமும் குற்றமும் ஒன்றே: நடுவில் உட்காருவதை அவமானமாக நினைப்பார்கள். பக்தியும் வைராக்கியமும் எவ்வளவு இருந்தாலும் இருதயம் என்ற கருவி தன் கணக்கைத் தானே வைத்துக் கொள்கிறது. 2024-ஆம் வருஷத்தில் அந்த மலையில் ஏறியவர்களில் சிலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் உயிரிழந்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தடி வாங்குவதற்கு முன் வைத்தியரைப் பார்ப்பது கோழைத்தனம் அல்ல.

இரண்டாம் வகுப்பினர் வேடிக்கை பார்ப்பவர்கள். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு இடையே துடுப்புப் படகு மெல்ல நுழையும்போது, ஒரு கொக்கைப் பார்த்துக் கொண்டு அரைமணி நேரம் பேசாமல் இருப்பார்கள். இவர்களை முதல் வகுப்பினரோடு சேர்த்து அனுப்பினால் பாதி வழியில் சண்டை நிச்சயம். ஒருவருக்கு உச்சி வேண்டும். மற்றவருக்கு வழி வேண்டும். துரதிர்ஷ்டவசமாக, இவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் கல்யாணம் செய்து கொண்டு விடுகிறார்கள்.

மூன்றாம் வகுப்பு, நெஞ்சு படபடக்க வேண்டும் என்று விரும்பும் இளைஞர் கூட்டம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறார்கள். கடலைத் தாய்மடி போல் அறிந்தவர்கள் அவர்கள். 'இன்று வேண்டாம்' என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் விவாதம் கூடாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவன் நேரே கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போய் மூழ்குவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து விடுபடுவான். இதைக் கேட்கப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு அலைச்சறுக்குப் பலகை எதற்கு?

நான்காம் வகுப்பினரைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். மற்றவர்கள் போகிறார்களே என்பதற்காகப் போகிறவர்கள் இவர்கள். குழந்தைகளின் குதூகலத்தைக் கெடுக்க மனமில்லாமல் முழங்கால் வலியை மறைக்கும் தாயார். சிநேகிதர்கள் சிரிப்பார்களே என்று தலைவலியைச் சொல்லாத பையன். மலையில் ஆபத்து வருவது பெரும்பாலும் இவர்கள் வாயிலாகத்தான். இவர்கள் பலவீனர்கள் என்பதனால் அல்ல, வாய் திறக்க மாட்டார்கள் என்பதனால்.

லடாக்கையே எடுத்துக் கொள்வோம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் போய் இறங்குகிறவர் முதல் இரண்டு நாள் வெறுமனே ஓய்வெடுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் எச்சரிக்கைகள். குஸ்தி பயில்வானுக்கும் இது வரும். தேகபலம் இங்கே காப்பாற்றாது. நோய் முற்றினால் கீழே இறங்குவதே முதல் சிகிச்சை. ஆகவே வாய் திறக்காத பையன் தன் உயிரோடு விளையாடுகிறான்.

சுபாவம் பொருந்தினாலும் காலம் பொருந்த வேண்டும். 2018 மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலர் இளம் பெண்கள். காய்ந்த புல் மூடிய சரிவில், தீ கீழே இறங்குவதை விட மேலே ஏறும் வேகம் அதிகம். அனல் முன்னால் போய் அடுத்த புல்லை உலர்த்தி வைத்து விடுகிறது. அந்தத் துயரத்துக்குப் பிறகு மலை நடைக்கு விதிகள் ஏற்பட்டன. 2024-இல் தமிழக அரசு 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டியுடன் போக ஏற்பாடு செய்தது. காட்டிலாகா ஒரு பாதையை மூடினால், யாருடைய சிபாரிசைக் கொண்டாவது புகுந்து விடலாமா என்று பார்க்கும் கெட்ட வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

ஸாஹஸம் என்றால் முன்னேறுவது மட்டும் என்று நினைப்பவர்கள் ஷாக்கிள்டனை நினைத்துக் கொள்ளட்டும். 1909 ஜனவரியில் அவரும் மூன்று தோழர்களும் தென்துருவத்துக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வரை போய் விட்டார்கள். அதுவரை எந்த மனிதனும் அத்தனை தெற்கே போனதில்லை. இன்னும் நடந்திருந்தால் துருவத்தைத் தொட்டிருக்கலாம். திரும்பி வர உணவு இராது. அவர் திரும்பினார். நால்வரும் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். துருவம் அவருக்குக் கடைசிவரை கிட்டவே இல்லை. ஆயினும் உலகம் அவரைக் கோழை என்று சொல்லவில்லை.

ஆகையால் இந்த விடுமுறையில் பெட்டி கட்டுவதற்கு முன், வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டுக் கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது உச்சியா, வழியா, படபடப்பா? நம்மில் அதிகமாகக் களைப்பவரால் எவ்வளவு நடக்க முடியும்? 'போதும், திரும்பலாம்' என்று யார் சொன்னாலும் மறுபேச்சின்றித் திரும்புவோமா? இரண்டாவது கேள்விக்குரியவர் யாரோ, அவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். சபையில் உண்மை வராது. மூன்றாவதற்கு ஏகமனதாக 'ஆம்' என்ற பதில் வராவிட்டால், இந்த வருஷத்துக்குப் பிச்சாவரம் போதும். மலை எங்கும் ஓடிப் போகாது. அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.