பொருள் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியட்டும்!



வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள இந்தப் பகுதியில் பலரும் நல்ல யோசனைகள் எழுதுகிறீர்கள். ஆனால் கீழ்நாட்டில் சரிப்படுவதெல்லாம் எங்கள் கொடைக்கானலில் சரிப்படுவதில்லை. ஏறக்குறைய 7,000 அடி உயரம். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். உப்பு நீர்த்துப் போகும், பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும். இங்கே குடும்பம் நடத்தும் நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைச் சொல்கிறேன்.

வெயில் தலை காட்டினால் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, கம்பளி, மெத்தை, பீரோ துணிகளைக் காயப் போட்டுவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளை வெயில் இருக்காது.

உப்பு, புளிக்குப் பீங்கான் ஜாடிதான் நல்லது. மிளகாய்த்தூள், மல்லித்தூளை ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி ஸ்பூன் போட்டுவிட்டால் ஈரக்கை படாது.

பூண்டை டப்பாவில் மூடாதீர்கள். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களில் கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படும்படி தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் கெடாது. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அது. கேஸ் அடுப்பு வீட்டில் புகைக்கு வழியில்லை. காற்றாடத் தொங்கவிட்டாலே போதும்.

இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. முன்கூட்டியே ஊறப்போட்டுக் குக்கரில் வைத்தால் கேஸ் மிச்சம். இட்லி மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி வைத்தால் குளிரிலும் பொங்கும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு குறை பல வீடுகளில் இருக்கிறது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்! "தீப்பெட்டி எங்கே? என் சட்டை எங்கே?" என்று நாள் முழுக்க நம்மைத்தானே கேட்கிறார்கள்? நமக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். ஆனால் ஆபத்து நேரத்தில் அந்தப் பெருமை உதவாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் மலையையும் புரட்டிப் போட்டது. மரங்கள் சாய்ந்தும் மண் சரிந்தும் பாதைகள் அடைபட்டன. எங்கள் பகுதியில் பல நாள் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அப்போது வத்தலக்குண்டில் மாட்டிக்கொண்டார். வீட்டில் அண்ணனும் வயதான அம்மாவும் மட்டும். அந்த அம்மாவின் பிரஷர் மாத்திரை எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. போனில் கேட்கலாம் என்றால் டவரும் இல்லை. நானும் என் மாமியாரும் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அலமாரி அலமாரியாகத் தேடினோம். கடைசியில் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. நல்லவேளை, அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர்தான். ஆனால் அந்த ஒழுங்கு அவர் மனதுக்குள் மட்டுமே இருந்தது. அதனால் சொல்கிறேன். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுங்கள். டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, மாத்திரை நான்கும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே தகரப் பெட்டியில் வையுங்கள். மளிகை வந்ததும் கணவரையும் பிள்ளைகளையும் அடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கும் வேலை பெண் குழந்தைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் கோணல் மாணலாகத்தான் அடுக்குவார்கள். அதை நாம் திரும்ப அடுக்கப் போனால் எந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

நாம் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலும் வீடு தடுமாறாமல் நடக்க வேண்டும். அதுதானே நிஜமான ஒழுங்கு? என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, கொடைக்கானல்.