வாக்குச்சீட்டில் ஒரு மருந்துச்சீட்டு



தேர்தல் வந்துவிட்டால் நம்மில் அநேகர் விடுப்பு எடுத்து, ரயிலேறிச் சொந்த ஊருக்குப் போய் வாக்களித்துவிட்டுத் திரும்புகிறோம். வேறு சிலர் குடியேறிய நகரத்திலேயே பெயரைப் பதிவு செய்துகொண்டு வாக்களிக்கிறோம். எங்கே வாக்களித்தாலும் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: உங்கள் வாக்கு யாருக்கு? அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. வேட்பாளர்களின் பெயர்களோடு, "இன்ன சட்டம் வேண்டுமா, வேண்டாமா?" என்பதும் வாக்குச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் குடிமக்கள் கையொப்பமிட்டுக் கோரினால், சட்டமன்றத்தின் தயவை எதிர்பாராமல் ஜனங்களே நேரடியாகத் தீர்மானிக்கலாம்.

அவ்வாறு வந்த கேள்விகளுள், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அங்குள்ள தேர்தல்களை மீண்டும் மீண்டும் கலக்கிவந்த ஒன்றை இந்த மாதம் உங்கள் முன் வைக்கிறேன். வியாதியஸ்தர் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தலாமா என்பதே அது. "கஞ்சாவா!" என்று நீங்கள் திடுக்கிடலாம். வளரும் பிள்ளைகளை நகரத்தில் வைத்திருக்கிற பெற்றோருக்கு அந்தச் சொல்லே பயத்தைத் தருகிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆயினும் சற்றுப் பொறுமையோடு வாசியுங்கள். இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

கல்கத்தாவில் தொடங்கிய கதை

கஞ்சாவை மேலைநாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதன்மையானவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த வில்லியம் ஓஷாக்னெசி என்னும் அயர்லாந்து மருத்துவர். இந்த நாட்டு வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துவதைக் கண்டு, தாமே சோதித்து, 1839-ம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். பின்னர், வலிப்பு கண்ட ஒரு கைக்குழந்தைக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததைக் குறித்தும் எழுதினார். அதன்பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மருந்துக் கடைகளில் அது வெகுகாலம் விற்கப்பட்டது. 1942-ல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து நீக்கப்பட்டது. 1970-ம் ஆண்டு மத்திய சட்டம், மருத்துவப் பயன் எதுவும் இல்லாத போதைப்பொருள்களின் முதற்பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது.

எய்ட்ஸ் நோயாளிகளும் புற்றுநோயாளிகளும் வலிக்கும் குமட்டலுக்கும் அதை இரகசியமாகப் பயன்படுத்திவந்த காலத்தில், 1996-ம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியா மக்களிடம் இந்தக் கேள்வி நேரடியாகக் கேட்கப்பட்டது. ஏறக்குறைய 56 சதவீதத்தினர் "ஆம்" என்றனர். மத்திய சட்டம் தடுத்திருக்க, மாநில மக்கள் அனுமதித்தார்கள். அன்று தொடங்கிய இழுபறி மாநிலத்துக்கு மாநிலம் பரவியது.

வேட்பாளர்களை மிஞ்சிய கேள்வி

2013-ம் ஆண்டு, தொலைக்காட்சியில் புகழ்பெற்ற இந்திய வம்சாவளி மருத்துவர் சஞ்சய் குப்தா தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். 2009-ல் இதற்கு எதிராக எழுதியவர் அவர். கடும் வலிப்பினால் துன்புற்ற ஒரு சிறுமி கஞ்சாச் செடியின் ஒருவகை எண்ணெயால் தேறியதை அவருடைய நிகழ்ச்சி காட்டியது. அதைக் கண்ட பெற்றோர் அநேகர் தங்கள் மாநிலச் சட்டமன்றங்களின் வாசலில் நிற்கத் தொடங்கினர்.

மறு ஆண்டு, 2014-ல், ஃபுளோரிடாவில் ஆளுநர் தேர்தல் வந்தது. அங்கே ஆளுநர் என்பவர் நம்முடைய முதலமைச்சரைப்போல் ஆட்சி செய்கிறவர். ஜனங்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். அந்தத் தேர்தலோடு மருத்துவக் கஞ்சாவும் வாக்குச்சீட்டில் ஏறியது. அதை முன்நின்று நடத்தியவர் ஜான் மோர்கன் என்னும் வழக்கறிஞர். விபத்தில் முடக்கமுற்ற தம் சகோதரரின் வேதனையைக் கண்டவர் அவர். அவருடைய சட்ட நிறுவனத்தில் பணியாற்றியவரே ஜனநாயகக் கட்சியின் ஆளுநர் வேட்பாளர் சார்லி கிறிஸ்ட். கஞ்சாவுக்கு வாக்களிக்க வரும் இளைஞர்கள் அவருக்கும் வாக்களிப்பார்கள் என்று பலர் கணக்குப் போட்டனர். சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஷெல்டன் ஏடல்சன் எதிர்ப் பிரசாரத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்.

முடிவு என்ன? கிறிஸ்ட் ஏறக்குறைய ஒரு சதவீத வித்தியாசத்தில் தோற்றார். வெற்றிபெற்ற ரிக் ஸ்காட் பெற்றது சுமார் 28 லட்சத்து 65 ஆயிரம் வாக்குகள். மருத்துவக் கஞ்சாவுக்குக் கிடைத்ததோ சுமார் 33 லட்சத்து 70 ஆயிரம். ஆளுநரைக் காட்டிலும் ஐந்து லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும் அது தோற்றது! அந்த மாநிலத்தில் அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீத வாக்கு வேண்டும்; கிடைத்தது 57.6 சதவீதமே. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016-ல், அதே மாநிலத்தில் 71 சதவீத ஆதரவோடு அது நிறைவேறியது. அதே நாளில் அதே மாநிலம் குடியரசுக் கட்சியின் டிரம்ப்பையும் தேர்ந்தெடுத்தது.

வாசகரே, இதைக் கவனியுங்கள். வியாதியஸ்தருக்கு இரங்கிய வாக்காளர், அந்த இரக்கத்தைக் காட்டி வந்த வேட்பாளருக்கும் சேர்த்து வாக்களிக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தனர். நாம் சாதாரணமாய் எண்ணுவதைவிட ஜனங்கள் விவேகமுள்ளவர்கள்.

அடுத்தடுத்த இரண்டு நாட்கள்

ஒக்லஹோமா பழமையில் ஊன்றிய மாநிலம். ஊர்தோறும் சபைகள் நிறைந்த இடம். 2016-ம் ஆண்டு அதன் 77 மாவட்டங்களும் ஒன்றுகூடத் தப்பாமல் டிரம்ப்பை ஆதரித்தன. அங்கேயும் இந்தக் கேள்வி 2018-ம் ஆண்டு ஜூன் 26-ம் தேதி ஜனங்களிடம் வந்தது. மருத்துவர்கள், காவல் அதிகாரிகள், சபைத் தலைவர்கள் பலர் எதிர்த்தனர். முன்மொழிவில் எந்த வியாதிக்கு என்ற பட்டியலே இல்லை, ஆகவே இதை மருத்துவச் சட்டம் என்று அழைக்கலாகாது என்பது அவர்கள் வாதம். ஆயினும் ஏறக்குறைய 57 சதவீதத்தினர் "ஆம்" என்றனர். அது கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல். சாதாரணமாகக் கூட்டம் வராது. அன்றோ இந்த ஒரு கேள்விக்கு மட்டும் 8 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 2014-ம் ஆண்டு ஆளுநரைத் தேர்ந்தெடுத்த பொதுத்தேர்தலில் பதிவானதைவிட இது அதிகம்.

அதற்கு முந்தின நாள், ஜூன் 25-ம் தேதி, நாட்டின் மறுகோடியில் இன்னொரு தீர்மானம் வெளியானது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எபிடியோலெக்ஸ் என்னும் மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரிக்கப்பட்ட, போதை தராத ஒரு பொருளே அது. குழந்தைகளை வாட்டும் இரண்டு அரிய வலிப்பு வியாதிகளுக்காக, 516 நோயாளிகளிடம் மூன்று சோதனைகள் நடத்தி, மருந்தல்லாத பானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அது அனுமதிக்கப்பட்டது. குழந்தையின் எடைக்குத் தக்க அளவு, தூக்கக்கலக்கம், கல்லீரலுக்கு வரக்கூடிய கேடு எல்லாம் அதனோடு எழுதப்பட்டிருக்கின்றன.

ஒரு நாள் இடைவெளியில் இரண்டு வழிகள்! ஒன்று, "இது எந்த வியாதிக்கு, எவ்வளவு, என்ன தீங்கு?" என்று கேட்டது. மற்றது, "நோயாளியைக் குற்றவாளி ஆக்கலாமா?" என்று கேட்டது. இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்றொன்றுக்கு விடையாகாது.

ஒக்லஹோமாவில் அதன் விளைவு சீக்கிரம் தெரிந்தது. கடை நடத்த உரிமக் கட்டணம் அப்போது 2,500 டாலர் மட்டுமே. கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாதிருந்தது. 2021-ம் ஆண்டின் முடிவுக்குள் 2,000-க்கும் அதிகமான கடைகள் தோன்றிவிட்டன. பத்து மடங்கு ஜனத்தொகையுள்ள கலிபோர்னியாவில்கூட அத்தனை கடைகள் இல்லை. மாநில மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் நோயாளி அட்டை பெற்றிருந்தனர். பத்தில் ஒருவர் வியாதியஸ்தரா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த ஊர் ஜனங்களும் கேட்டனர். சட்டவிரோதப் பண்ணைகளும் பெருகின. 2022-ம் ஆண்டு புதிய வணிக உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் ஒரு கஞ்சாப் பண்ணையில் நால்வர் கொல்லப்பட்டனர். 2023-ம் ஆண்டு மார்ச்சில், நோயாளியல்லாதவரும் கஞ்சா வாங்கலாமா என்று கேட்கப்பட்டபோது ஏறக்குறைய 62 சதவீதத்தினர் "வேண்டாம்" என்றனர். இம்முறை 77 மாவட்டங்களும் ஒருமித்து மறுத்தன. முன்பு இரக்கத்தினால் திறந்த கதவை அவர்கள் அடைத்துவிடவில்லை. அதற்கு மேல் திறக்கச் சம்மதிக்கவுமில்லை.

உட்கார்ந்து பேசியவர்கள்

2018-ம் ஆண்டிலேயே யூட்டா மாநிலமும் இதே கேள்வியைச் சந்தித்தது. அங்கே செல்வாக்கு மிகுந்த மோர்மன் சபை முன்மொழிவை எதிர்த்தது. ஆனால் எதிர்ப்போடு நின்றுவிடவில்லை. அக்டோபர் மாதத்தில், வாக்கெடுப்புக்கு முன்பே, சபையின் பிரதிநிதிகளும் ஆதரவாளர்களும் சட்டமன்றத் தலைவர்களும் ஒன்றாய் அமர்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். நவம்பரில் சுமார் 53 சதவீதத்தினர் "ஆம்" என்று வாக்களித்தனர். டிசம்பர் 3-ம் தேதி சட்டமன்றம் கூடி, முன்மொழிவின் இடத்தில் உடன்பாட்டுச் சட்டத்தை வைத்தது. வியாதிகளின் பட்டியல் உண்டு, மருந்தாளுநர் முன்னிலையில் வழங்கப்பட வேண்டும், புகைக்கக் கூடாது. ஜனங்கள் வாக்களித்ததைச் சட்டமன்றம் குறைத்துவிட்டது என்று வருந்தியவர்களும் இருந்தனர். அந்த வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வியாதியஸ்தரின் அழுகையையும் பெற்றோரின் பயத்தையும் ஒரே மேசையில் வைத்துப் பேச முடியும் என்று அது காட்டியது.

நாம் செய்ய வேண்டியது

பிரியமானவர்களே, நம் நாட்டில் 1985-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம். அமெரிக்காவில் ஒரு மாநிலம் கொடுத்த நோயாளி அட்டை இங்கே செல்லாது. வெளிநாட்டில் வாழும் உறவினர், "அங்கே அனுமதி உண்டு" என்று சொல்லி எதையாகிலும் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். புற்றுநோயோ வலிப்போ உள்ளவர் வீட்டில் இருந்தால், சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே வெளிப்படையாய்க் கேளுங்கள். 2017-ம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தன. பெரியவர்களின் நாட்பட்ட வலி, புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் குமட்டல் போன்ற சிலவற்றுக்கே வலுவான ஆதாரம் காணப்பட்டது. மனச்சிதைவு நோயோடு அதற்குள்ள தொடர்பையும் அதே அறிக்கை எச்சரித்தது. சர்வரோக நிவாரணி என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "கஞ்சா" என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் காதை அடைத்துக்கொண்டால், வலிப்பினால் துடிக்கும் குழந்தையின் தாய் சொல்வது நம் காதில் விழாது. "மருந்து" என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டிவிட்டால், அந்தப் பெயரைச் சொல்லிக் கடை விரிப்பவனை அடையாளம் காண முடியாது. இரக்கமா என்று ஒரு தரமும், நிரூபணம் உண்டா என்று ஒரு தரமும் கேளுங்கள். முதல் கேள்விக்கு ஜனங்கள் வாக்களித்து விடை சொல்லலாம். இரண்டாவதற்குப் பொறுமையான சோதனைதான் விடை சொல்லவேண்டும். நாளை நம் நாட்டிலும் இப்படியொரு கேள்வி எழும்பினால், எந்தக் கட்சி கேட்கிறது என்று பாராமல், இந்த இரண்டையும் தனித்தனியே கேட்டு நிதானியுங்கள்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.